லத்தியின் இந்தப் பக்கம்

‘விசாரணை’ படத்தைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வருவது ஒரே பதில்தான்: “நல்ல படம் சார். ஆனா இன்னொரு தடவை பாக்க முடியாது.” டீக்கடையில் சொல்வதும் இதுதான், ஃபிலிம் சொசைட்டியில் சொல்வதும் இதுதான். 2016 பிப்ரவரி 5-ம் தேதி படம் தியேட்டருக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பதில் மாறவில்லை. பாராட்டிய மாதிரியும் இருக்கும், மேற்கொண்டு பேசாமல் நழுவிய மாதிரியும் இருக்கும். கொஞ்சம் பொறுத்திருந்தால்தான் அடுத்த பேச்சு வரும். சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

முதல் பாதிதான் படம், இரண்டாம் பாதி வெறும் சினிமா என்பார் ஒருவர். சமுத்திரக்கனி மட்டும் இல்லையென்றால் எழுந்து போயிருப்பேன் என்பார் இன்னொருவர். போலீஸை இவ்வளவு கேவலமாகக் காட்டலாமா என்று ஒரு கட்சி. இது ரொம்பக் கம்மி, ஒரு தடவை ஸ்டேஷன் வாசலை மிதித்துப் பார்த்தால் தெரியும் என்று எதிர்க்கட்சி. இந்தக் கருத்துகளில் பாதியோடு எனக்கு உடன்பாடு இல்லை. குறிப்பாக, எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டுவிட்ட ‘முதல் பாதி உசத்தி’ என்ற தீர்ப்போடு.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குண்டூருக்குப் பிழைக்கப் போன நான்கு தமிழ்ப் பையன்கள்: பாண்டி, முருகன், அப்சல், குமார். வாடகைக் காசை மிச்சம் பிடிக்கப் பூங்காவில் படுத்துக்கொள்கிறவர்கள். ஊரில் ஒரு பெரிய இடத்தில் கொள்ளை போகிறது. கேஸை முடி என்று மேலேயிருந்து நெருக்குகிறார்கள். கேட்க நாதியில்லாத இந்த நான்கு பேரை அள்ளிக்கொண்டு போய், ஒத்துக்கொள் என்று அடிக்கிறார்கள். எதை ஒத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதே அடி வாங்குகிறவர்களுக்கு முதலில் தெரியாது. கடைசியில் கோர்ட்டில், வேறு வேலையாக வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் மொழிபெயர்த்துச் சொன்னதால் தப்பிக்கிறார்கள். அதற்குக் கைமாறாக அவர் கேட்ட ஒரு உதவியைச் செய்துவிட்டு, அவருடனேயே தமிழ்நாட்டுக்கு வண்டி ஏறுகிறார்கள். இரண்டாம் பாதி தமிழ்நாட்டு போலீஸ் ஸ்டேஷனில்.

முதல் பாதியைப் பார்வையாளர்கள் கொண்டாடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அது நடந்த கதை. கோவையைச் சேர்ந்த மு.சந்திரகுமார், ஊர்க்காரர்களுக்கு ஆட்டோ சந்திரன், 1983-ல் குண்டூரில் தானும் நண்பர்களும் பட்டதை ‘லாக்கப்’ என்று புத்தகமாக எழுதினார். அதைத்தான் இயக்குநர் வெற்றிமாறன் படமாக்கினார். 2015 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவின் ஒரிஸோந்தி பிரிவில் படம் திரையிடப்பட்டது. இத்தாலிய ஆம்னெஸ்டி அமைப்பின் விருதும் கிடைத்தது. பிறகு தேசிய விருதுகள், ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் தேர்வு. உண்மைக் கதை என்று தெரிந்து பார்க்கும்போது ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழுகிறது. படத்தில் பாட்டு கிடையாது. மூச்சு விடச் சில நிமிடங்கள் என்று எதுவும் ஒதுக்கப்படவில்லை. பாண்டியாக நடித்த தினேஷின் முகத்தை நெருங்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கேள்வி தெலுங்கில் வருகிறது, பதில் தமிழில் போகிறது, இரண்டுக்கும் நடுவில் லத்தி பேசுகிறது. மொழி தெரியாத ஊரில் ஒரு நாளாவது மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு அந்தக் காட்சிகளில் வயிறு கலங்கும்.

இங்கே பலரும் கேட்கும் ஒரு சந்தேகம் உண்டு. “அடி தாங்காம ஒத்துக்கிட்டா என்ன? கோர்ட்ல போய் இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதானே?” படத்தில் ஓட்டை கண்டுபிடித்த பெருமிதத்தோடு கேட்பார்கள். உண்மையில் அந்தப் பாதி முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்தான். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. 25-வது பிரிவு. வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பவில்லை என்று வக்கீல்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. ஆகவே ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டால் போதாது. நீதிபதி முன்னால் நின்று, ஆமாம் நான்தான் என்று பிடிபட்டவன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அடியின் பயம் ஸ்டேஷனிலிருந்து கோர்ட் கூண்டு வரைக்கும் ஆறாமல் இருக்க வேண்டும். பையன்களைச் சரிக்கட்டுவது, சோறு போடுவது, திரும்ப அடிப்பது என்று படத்தில் வரும் அத்தனையும் அந்த ஒரு நிமிடத்துக்கான ஏற்பாடு. அடிக்கிறவர்கள் வெறி பிடித்துப்போய் அடிக்கவில்லை, கணக்குப் போட்டு அடிக்கிறார்கள். கைதிகளை அடித்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட ஒரு சட்டம், எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைக் கணக்கிடும் அளவுகோலாகிவிட்டது.

இவ்வளவும் சரிதான். ஆனால் குண்டூர்ப் பாதியைத் தமிழ்ப் பார்வையாளர்கள் விரும்பியதற்கு யாரும் வெளியே சொல்லாத இன்னொரு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே அடிக்கிறவர் ஆந்திர போலீஸ். அஜய் கோஷ் நடித்த அந்த அதிகாரியின் உருட்டும் விழியும், தொப்பையும், தெலுங்கு அதட்டலும் நமக்கு ஒரு வசதியைச் செய்து தருகின்றன. அந்நிய ஊர், அந்நிய பாஷை, அந்நிய ராட்சசன். நம் பையன்களை அவர்கள் அடிக்கிறார்கள். கோபப்படுவது சுலபம். கோர்ட்டில் முத்துவேல் தமிழில் பேச்செடுக்கும் இடத்தில் தியேட்டரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நம்ம ஊர் போலீஸ் வந்துவிட்டார்.

வெற்றிமாறன் காத்திருந்தது அந்தப் பெருமூச்சுக்குத்தான்.

இரண்டாம் பாதியைப் பற்றிய முக்கியப் புகார், “கதை எங்கேயோ போயிடுச்சு” என்பது. புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்தார்கள், அதனால் செயற்கை என்பது இலக்கியம் படித்தவர்களின் புகார். புத்தகத்தில் இல்லை என்பது உண்மைதான். தமிழ்நாட்டு ஸ்டேஷனில் நடப்பதெல்லாம் இயக்குநர் சேர்த்தது. ஆனால் முதல் பாதியில் இருப்பது கொடுமை, இரண்டாம் பாதியில் இருப்பது ஊழல். போலீஸ் ஊழலைப் பற்றித் தமிழில் வந்த மிகத் தெளிவான ஒரு மணி நேரம் அதுதான் என்பேன்.

கிஷோர் நடித்த கே.கே. ஒரு ஆடிட்டர். யாருடைய பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த ஆள். அவரைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்டேஷன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேரம் நடக்கும் அலுவலகமாக மாறுகிறது. நம் படங்களில் போலீஸ் லஞ்சம் என்றால் என்ன காட்டுவார்கள்? டிராஃபிக் கான்ஸ்டபிள் உள்ளங்கையில் மடித்த நோட்டு, இல்லையென்றால் வில்லன் வீட்டு சோபாவில் ஒரு சூட்கேஸ். இங்கே கை நீட்டும் காட்சிக்கே முக்கியத்துவம் கிடையாது. யாருக்கு எவ்வளவு, யார் காதுக்கு விஷயம் போயிருக்கிறது, யாரைச் சேர்க்காவிட்டால் சிக்கல் என்ற பேச்சுதான் நடக்கிறது. அந்தப் பேச்சு நடக்கும்போது கே.கே. செத்துப்போகிறார். கொல்ல வேண்டும் என்று யாரும் கொல்லவில்லை. அடியின் கணக்கு தப்பிவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் முந்தைய தப்பை மூடுவதற்காகச் செய்யும் அடுத்த தப்பு. சாவைத் தற்கொலையாக்க வேண்டும். அதைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள் இருக்கக் கூடாது. நால்வரில் ஊர் வந்து சேர்ந்த, ஸ்டேஷனைச் சுத்தம் செய்யச் சொல்லி நிறுத்திவைத்த மூன்று பையன்கள் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்கள். அப்படியா, சரி, ஏற்கெனவே கண்டுபிடிக்க முடியாமல் கிடக்கும் ஒரு கொள்ளைக் கேஸுக்கும் ஆள் வேண்டியிருக்கிறதே.

அந்த அறையில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. ராட்சசன் இல்லை, உருட்டும் விழி இல்லை. ஃபைலை எந்த அலமாரியில் வைப்பது என்று பேசும் தொனியில் மூன்று உயிரை என்ன செய்வது என்று பேசுகிறார்கள். சோர்ந்துபோன, வீட்டுக்குப் போக நேரமாகிவிட்ட, சாதாரண மனிதர்கள். பார்வையாளர்கள் ‘சினிமாத்தனம்’ என்று தள்ளியது இதைத்தான் என்பது எனக்கு ஆச்சரியம். 2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீடொன்றில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் என்று ஐந்து பேர் நள்ளிரவில் சுட்டுக்கொல்லப்பட்டதை மறக்காத சென்னைக்காரர்களுக்கு, படத்தின் கடைசி அரை மணி நேரம் சினிமாவாகத் தோன்றியிருக்காது. என்கவுன்ட்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சம்பந்தப்படாத இன்னொரு குழுதான் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் விதிமுறை வகுத்தது. படம் அதற்குப் பிறகு வந்ததுதான். விதிமுறை வந்த பிறகும் அந்த அறைப் பேச்சு எப்படி நடக்கும் என்பதை நம்மால் சுலபமாகக் கற்பனை செய்ய முடிகிறதே, அதற்கு என்ன சொல்வது?

முத்துவேலாக நடித்த சமுத்திரக்கனிக்கு வருவோம். அந்த வேடத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருது. ஆனால் முத்துவேலை ‘நல்ல போலீஸ்’ என்று பார்வையாளர்கள் ஒட்டுமொத்தமாக ஏற்றுக்கொண்டதில் ஒரு சறுக்கல் இருக்கிறது. இந்த நல்ல போலீஸ் முதலில் செய்த காரியம் என்ன? கோர்ட்டில் சரணடைய வந்த கே.கே.யை அந்த வளாகத்திலிருந்தே கடத்திக்கொண்டு வந்தது. அதற்கு, உயிர் பிழைத்து இன்னும் ரத்தம் காயாத பையன்களை ஆளாகப் பயன்படுத்திக்கொண்டது. அவர் மனசாட்சி விழித்துக்கொள்வது அதற்கெல்லாம் பிறகு. இந்த எல்லை வரை சரி, இதற்கு மேல் கூடாது என்று தனக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்த அதிகாரி அவர். கோட்டைத் தாண்டச் சொன்னதும் நிற்கிறார், சாகிறார். அவருடைய சாவுக்காகக் கண் கலங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த குண்டூர்க் கடத்தல் நினைவிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. படம் அதை ஒளிக்கவில்லை, வெட்ட வெளிச்சமாகக் காட்டுகிறது. நாம்தான் தமிழ் பேசியதற்காக மன்னித்துவிட்டோம்.

மன்னிப்பதில் நமக்கு நல்ல பயிற்சி உண்டு. 2003-ல் வந்த ‘சாமி’யில், இட்லிக்கு பீர் ஊற்றிச் சாப்பிடும் போலீஸ் அதிகாரி ஆறுச்சாமி, ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்று ரவுடியிடமே பணம் வாங்கிக்கொள்கிறார். லஞ்சம்தான். தியேட்டர் விசிலடித்தது. அதே ஆண்டு ‘காக்க காக்க’வில் என்கவுன்ட்டர் செய்யும் அதிகாரிகள் அழகான, அடிபட்ட காதலர்களாக வந்தார்கள். 2010-ல் ‘சிங்கம்’. ‘விசாரணை’ வந்து இரண்டே மாதத்தில், தமிழ்ப் புத்தாண்டுக்கு ‘தெறி’. அதில் சட்டத்தைக் கையில் எடுத்த போலீஸ் ஹீரோவுக்கு முதல் நாள் காட்சியில் விழுந்த கைதட்டல், பிப்ரவரியில் பாண்டிக்காக உறைந்து உட்கார்ந்திருந்த அதே தியேட்டர்களில் விழுந்ததுதான். கூட்டமும் ஏறத்தாழ அதே கூட்டம்தான். இரண்டு படத்திலும் போலீஸ் அடி விழுகிறது. ஒன்றில் கேமரா அடிக்கிறவரின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. இன்னொன்றில் அடி வாங்குகிறவனோடு தரையில் கிடக்கிறது. அடி வாங்குகிறவன் தப்பு செய்தவன் என்று இயக்குநர் முன்கூட்டியே உத்தரவாதம் கொடுத்துவிட்டால் நமக்கு லத்தியோடு சண்டை கிடையாது. குண்டூர் போலீஸும் தன் மேலதிகாரிக்குக் கொடுக்கப் பார்த்தது அந்த உத்தரவாதத்தைத்தான்.

திரைக்கு வெளியே இது இன்னும் பச்சையாகத் தெரியும். கையில் மாவுக்கட்டோடு, தலையைத் தொங்கப் போட்டு நிற்கும் ஒரு இளைஞனின் போட்டோ பேப்பரில் வரும். போலீஸ் பிடிக்கப் போனபோது தப்பி ஓடி வழுக்கி விழுந்தான், அல்லது பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று செய்தி இருக்கும். சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் வழுக்குகிறார்கள். எல்லோருக்கும் கையோ காலோதான் முறிகிறது. அந்த போட்டோவுக்குக் கீழே நம் ஜனங்கள் சிரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். “பாத்ரூம் வழுக்குதாம்ல” என்று கண்ணடித்துக்கொள்வார்கள். ‘விசாரணை’யை நல்ல படம் என்று சொன்னவர்களும் அந்தச் சிரிப்பில் இருக்கிறார்கள். 2019 டிசம்பர் 6 அதிகாலையில் ஹைதராபாத் அருகே, பாலியல் கொலை வழக்கில் கைதான நான்கு பேரை போலீஸ் சுட்டுக்கொன்றபோது, பொதுமக்கள் போலீஸார் மேல் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, வேண்டுமென்றே சுடப்பட்டது என்று சொன்ன அறிக்கை 2022-ல் வெளியானது. அதற்குள் பூ வாடி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

இந்தப் பார்வையாளர் மனசு ஒரே ஒரு முறை பெரிதாக ஆட்டம் கண்டது, 2020 ஜூனில். சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் ஊரடங்கு மீறல் என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அந்த வாரம் ‘விசாரணை’யைப் பற்றி எல்லோரும் திரும்பப் பேசினார்கள். பார்க்கவே முடியாது என்ற படத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். ‘சாமி’யையும் ‘சிங்கம்’ வரிசையையும் எடுத்த ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். ஒரு வணிகப் பட இயக்குநர் தன் வெற்றிப் படங்களைப் பற்றி அப்படிச் சொல்வது தமிழ் சினிமாவில் அபூர்வம். அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கென்னவோ அவர் சொன்னதைவிட, அந்தப் படங்களுக்கு விசிலடித்தவர்கள் யாரும் எதுவும் சொல்லாததுதான் உறுத்தியது.

போலீஸ்காரர்கள் தரப்புக் கருத்து என்ன? அவர்களில் பலர் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். வெளிப்படையாகப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். பொதுவாக அவர்கள் சொல்லும் குறை, படம் பொய் என்பதல்ல. நெருக்கடி எங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான். நியாயமான குறை. ஆனால் படமே அதைச் சொல்கிறது: குண்டூரில் கேஸை முடிக்கச் சொன்னது மேலிடம், தமிழ்நாட்டில் கே.கே.யைக் கொண்டுவரச் சொன்னதும் மேலிடம். அந்த மேலிடத்தின் முகத்தைப் படம் அதிகம் காட்டவில்லை. நிஜத்திலும் அது லாக்கப் பக்கம் வருவதில்லை. ஏட்டுகளின், கான்ஸ்டபிள்களின் பக்கத்திலிருந்து கதை சொல்லும் வேலையைப் பிறகு வந்த படங்கள் செய்தன. 2021-ல் பிராங்க்ளின் ஜேக்கப் இயக்கிய ‘ரைட்டர்’ படத்தில் அதே சமுத்திரக்கனி, ஓய்வை நெருங்கும் தலைமைக் காவலர். போலீஸுக்குச் சங்கம் வேண்டும் என்று கேட்டுத் தண்டனை மாறுதல் வாங்கியவர். அவர் எழுதும் எழுத்தே ஒரு அப்பாவி மாணவனின் கழுத்தை இறுக்குகிறது. 2022-ல் ‘டாணாக்காரன்’, போலீஸ் பயிற்சிப் பள்ளி மைதானத்திலேயே அந்த அடி எப்படித் தொடங்குகிறது என்று காட்டியது. இயக்குநர் தமிழ் முன்பு காவல்துறையில் இருந்தவர் என்பதால், அந்த மைதானத்தின் வெயில் அவருக்குத் தெரிந்த வெயில்.

‘ஜெய் பீம்’ பற்றியும் சொல்ல வேண்டும். 2021-ல் வந்த அந்தப் படத்திலும் லாக்கப் சித்திரவதை உண்டு. பார்க்க முடியாத அளவுக்கு உண்டு. ஆனாலும் அதை இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை பார்த்தவர்கள் ஏராளம். 1993-ல் கடலூர்ப் பக்கம் நடந்த ஒரு வழக்கு, அப்போது வழக்கறிஞராக இருந்த கே.சந்துரு போட்ட ஆட்கொணர்வு மனு, 2006-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்று அதுவும் நடந்த கதைதான். ஆனால் அங்கே நமக்காக வாதாட ஒருவர் வருகிறார். கடைசியில் நீதி கிடைக்கிறது, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வரலாம். ‘விசாரணை’யிலும் கோர்ட் வருகிறது, நல்ல நீதிபதி வருகிறார், விடுதலையும் கிடைக்கிறது. படத்தின் நடுவிலேயே. விடுதலைக்குப் பிறகுதான் சாகிறார்கள். “இன்னொரு தடவை பாக்க முடியாது” என்பதற்கு ரத்தம் மட்டும் காரணமாக இருந்தால் ‘ஜெய் பீம்’ படத்தையும் பார்க்க முடிந்திருக்காது.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. அந்த ஆந்திர அதிகாரி கொஞ்சம் மிகை. முதல் பாதியில் அவர் கண்ணை உருட்டும் அளவைக் குறைத்திருந்தால் இரண்டாம் பாதியின் அமைதி இன்னும் ஆழமாக வெட்டியிருக்கும். ஆனந்தி நடித்த பாத்திரம் கதைக்கு ஒரு பெண் வேண்டுமே என்று வைத்தது போல இருக்கிறது. கே.கே.யைச் சுற்றியுள்ள அரசியல் பணக் கணக்கு வேகமாகக் கடந்துபோகிறது. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு யார் யாருடைய ஆள் என்று பிடிபடாது. ‘கதை எங்கேயோ போயிடுச்சு’ என்ற புகாரில் ஒரு பங்கு இந்த அவசரத்தால் வந்தது. படத்தை வெட்டிக்கொண்டிருந்த எடிட்டர் கிஷோர் (கே.கே.யாக நடித்த கிஷோர் வேறு), வேலைக்கு நடுவில் மயங்கி விழுந்து, 2015 மார்ச்சில் இறந்துபோனார். இந்தப் படத்துக்கான சிறந்த படத்தொகுப்பு தேசிய விருதை அவருக்கு மறைவுக்குப் பின்தான் கொடுத்தார்கள்.

இன்னொரு விஷயத்தைப் பார்வையாளர்கள் யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. தமிழ்நாட்டுக்கு வரும் வழியில் நான்கு பேரில் குமார் மட்டும் இறங்கிக்கொள்கிறான். அதில் திட்டம் ஒன்றும் கிடையாது, துணிச்சலும் கிடையாது. வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்றான், இறக்கிவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் நன்றிக்காக வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பேசப்படாதது இது மட்டுமல்ல. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணோம் என்ற ஒரு புகாருக்காக விசாரிக்கக் கூட்டிப்போன கோயில் காவலாளி அடிபட்டுச் செத்தபோது, மறுபடி எல்லோரும் ‘விசாரணை’யை இழுத்தார்கள். முதல் பாதியைத்தான் சொன்னார்கள். அடியைச் சொன்னார்கள், ரத்தத்தைச் சொன்னார்கள். அதிகாரிகள் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொள்ளும் அந்த அறையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.